உப்பில் அயோடின் இருக்க, மாத்திரை எதற்கு?

ஓய்வூதியம் பெறுவோர் உயிர்வாழ் சான்று அளிக்கும் நவம்பர் மாதத்தில் நம் டெல்லிக் கிளை ஒரு திருமண மண்டபத்தைப் போலவே தோன்றும். கரோல்பாக், ராமகிருஷ்ணாபுரம் பகுதிகளில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் காலையிலேயே வந்து அமர்ந்துவிடுவார்கள். கைரேகை இயந்திரம் முதிய விரல்களை அடையாளம் காணத் தயங்கும். அந்த இடைவேளையில் ஊர்ச் செய்தி, பேரன் படிப்பு, வைப்புநிதி வட்டி என்று பேச்சு தொடங்கி, இறுதியில் உடல்நலத்தில் வந்து நிற்கும்.

கடந்த நவம்பரில் அவ்வாறு வந்திருந்த ஓர் அம்மையாருக்குக் காப்பி வரவழைத்தோம். அவர் கோப்பையைத் தொடவில்லை. "தைராய்டு மாத்திரை போட்டுக் கால்மணிதான் ஆகிறது தம்பி, அரைமணியாவது போகட்டும்" என்றார். பின்னர் அவரே கேட்டார்: "இத்தனை வருஷமா அயோடின் உப்புதான் வாங்கறேன். அப்புறம் எனக்கு எப்படி இந்தக் குறை வந்தது? போன வாரம் பேத்தி பிறந்தாள். அவள் குதிகாலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கேட்டால் அதுவும் தைராய்டு சோதனையாம். பிறந்த குழந்தைக்கு என்ன தைராய்டு?"

வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்த நமக்கு இவ்விரு கேள்விகளுக்கும் அன்று விடை தெரியவில்லை. மருத்துவர்களாகிய வாடிக்கையாளர்கள் சிலரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். அயோடினைப் பற்றி அனைவரும் ஓரளவு அறிவோம். அந்த அயோடினை ஹார்மோனாக மாற்றித் தரும் ஒரு பெரும் புரதத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அம்மையாரின் இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் அயோடினின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அது கடலில் மிகுந்தும் மலையில் அருகியும் காணப்படும் பொருள். பனிப்பாறைகளும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக இமயமலை மண்ணிலிருந்து அதைக் கழுவிச் சென்றுவிட்டன. அந்த மண்ணில் விளையும் தானியத்திலும் காய்கறியிலும் அயோடின் மிகக் குறைவு. எனவேதான் மலையடிவாரத்து ஊர்களில் முன்கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. வெள்ளம் அடிக்கடி புரண்டோடும் கங்கைச் சமவெளியிலும் இந்தக் குறைபாடு உண்டு.

1956ஆம் ஆண்டு, இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. பின்னாளில் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அதை நடத்தினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுப் பகுதிக்கு ஒன்றும் கலவாத உப்பு. தொடக்கத்தில் மூன்று பகுதிகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்குக் கழலை இருந்தது. 1962இல் மீண்டும் கணக்கெடுத்தபோது அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் அது பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்திருந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் குறையவே இல்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட, அங்கும் கழலை குறைந்தது. தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கப்பட்டது. இன்று நாம் கடையில் எடுக்கும் உப்புப் பொட்டலத்தின் பின்னே இந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

கழலை வெளியே தெரியும் குறை. தெரியாத குறை அதைவிடக் கொடியது. 1980களில் எய்ம்ஸைச் சேர்ந்த டாக்டர் என். கோச்சுப்பிள்ளை, டாக்டர் சி. எஸ். பாண்டவ் முதலியோர் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா போன்ற தராய் மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். அயோடின் குறைந்த ஊர்களில் தைராய்டு குறையுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் கேரளத்துடன் ஒப்பிட்டால் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. டெல்லிக் குழந்தைகளிடமும் அது காணப்பட்டது. கழலை என்பது கழுத்து அழகைப் பற்றிய பிரச்சினை என்று எண்ணியிருந்தோருக்கு, இது குழந்தையின் மூளையைப் பற்றிய பிரச்சினை என்பது அப்போது உறைத்தது.

அயோடின் ஹார்மோன் ஆவது எப்படி?

தைராய்டு சுரப்பி நம் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தபடி, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது. எடை 15 முதல் 20 கிராம். அது சுரக்கும் முதன்மையான ஹார்மோனுக்குத் தைராக்சின் என்று பெயர். ஒவ்வொரு தைராக்சின் மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் டி4 என்றும் அழைப்பர். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடினே. ஓர் அயோடின் குறைந்தால் டி3. உடலின் செல்களுக்குள் உண்மையில் வேலை செய்வது டி3தான் என்றாலும், சுரப்பி பெரிதும் டி4 ஆகவே அனுப்பிவைக்கிறது. தேவைப்படும் இடத்தில் ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக மாற்றிக்கொள்ளும் வேலையை அந்தந்த உறுப்பு பார்த்துக்கொள்கிறது. காசோலையை அனுப்பிவிட்டு, பணமாக்கிக்கொள்வதை வாங்குபவரிடம் விடுவது போன்ற ஏற்பாடு.

தைராக்சினை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த எட்வர்டு கெண்டால். அது 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். ஏறத்தாழ மூன்று டன் பன்றித் தைராய்டுச் சுரப்பிகளிலிருந்து அவருக்குக் கிடைத்த தைராக்சின் முப்பது கிராமுக்குச் சற்றே அதிகம். இலண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் அதன் அமைப்பைச் சரியாகக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அது ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் உருவாக்கப்பட்டது. அமைப்பு என்னவென்றால், டைரோசின் என்னும் அமினோ அமிலம் இரண்டு ஒன்றன் தலையில் ஒன்று இணைந்து, அயோடினைச் சூடிக்கொண்டிருப்பதே தைராக்சின். டைரோசின் அரிய பொருளன்று. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் அது இருக்கிறது.

அப்படியானால் இரண்டு டைரோசினும் நான்கு அயோடினும் இருந்தால் வேலை முடிந்ததல்லவா? இங்கேதான் நாமும் முதலில் தவறாக நினைத்தோம். ஒரு பாத்திரத்தில் டைரோசினையும் அயோடினையும் போட்டுக் கலக்கினால் அயோடின் டைரோசினில் ஏறும். ஆனால் இரண்டு டைரோசின்கள் சரியான கோணத்தில் நெருங்கி ஒன்றாவது அரிது. அந்த இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்த ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரமே தைரோகுளோபுலின் என்னும் புரதம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட மாலை. மாலை நீட்டியபடி கிடப்பதில்லை. தானே மடிந்து, சுருண்டு, தனக்குரிய ஓர் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. மனிதத் தைரோகுளோபுலின் மாலையில் 2,768 மணிகள். அத்தகைய இரண்டு மாலைகள் ஒன்றையொன்று தழுவி ஒரு மூலக்கூறாகின்றன. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் போல் இது பத்து மடங்கு பெரியது. இவ்வளவு பெரிய புரதத்திலிருந்து கடைசியில் கிடைப்பது சில தைராக்சின் மூலக்கூறுகள் மட்டுமே. எடைக்கணக்கில் சொன்னால், 660 கிலோ எடையுள்ள ஒரு வண்டியைக் கட்டி, அதைப் பிரித்து, முக்கால் கிலோவுக்குச் சற்று மிகுந்த சில பொட்டலங்களை எடுப்பது போன்றது. வங்கிக்காரர் எவரும் இத்தகைய திட்டத்துக்குக் கடன் வழங்கத் தயங்குவார். இயற்கை தயங்கவில்லை. முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாம் இதையே நம்பியிருக்கின்றன.

இரண்டு சாவிகள்

இந்தப் புரதத்தின் முழு உருவத்தை மனிதர் கண்ணால் கண்டது மிக அண்மையில்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பிரான்செஸ்கா கோசியா, யான் லோவ ஆகியோரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, புரதக் கரைசலை நொடிப்பொழுதில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம்பிடித்து, 2020இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

ஒவ்வொரு மாலையிலும் அறுபதுக்கு மேற்பட்ட டைரோசின்கள் உள்ளன. எல்லாவற்றிலும் அயோடின் ஏறுவதில்லை. ஏறியவை எல்லாம் ஹார்மோன் ஆவதும் இல்லை. மாலையின் தொடக்கத்திலும் முடிவிலும் இடையிலுமாக நான்கு வகை இடங்களில் மட்டுமே ஹார்மோன் உருவாகிறது. மிக முக்கியமான இடம் மாலையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள 24ஆம் மணியும் 149ஆம் மணியும் டைரோசின்கள். எண்ணிப் பார்த்தால் இடையே நூற்றுக்கு மேற்பட்ட மணிகள். மடிந்த உருவத்திலோ அவை அருகருகே. மாலையின் முடிவில் உள்ள இடம் இன்னும் வியப்பானது. அங்கே 2,766ஆம் மணியாகிய டைரோசின், எதிரே தழுவிநிற்கும் மற்றொரு மாலையின் அதே 2,766ஆம் மணியைச் சந்திக்கிறது. இரண்டு மாலைகள் சேராவிட்டால் அந்த இடத்தில் ஹார்மோனுக்கு வழியே இல்லை.

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வங்கியிடம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கதவின் முன்னே வந்தால்தான் திறக்கும். உங்கள் சாவி வீட்டிலும் நம் சாவி கிளையிலும் இருந்தால் பயனில்லை. தைரோகுளோபுலினின் மடிப்பு செய்யும் வேலை, இரண்டு சாவிகளையும் ஒரே கதவுக்குக் கொண்டுவருவது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு. பெட்டகம் திறந்தபின் இரண்டு சாவிகளும் அப்படியே இருக்கும். இங்கே அப்படி இல்லை. தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணைகொண்டு முதலில் இரு டைரோசின்களிலும் அயோடினை ஏற்றுகிறது. பின்னர் ஒரு டைரோசின் தன் வளையத்தை அயோடினோடு சேர்த்து மற்றதற்குக் கொடுத்துவிடுகிறது. வாங்கிக்கொண்டது தைராக்சின் ஆகிறது. கொடுத்தது தன் உருவையே இழந்து, வேறொரு வெறும் மணியாக மாலையில் எஞ்சுகிறது. ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று. இரட்டைப் பதிவுக் கணக்கின் விதி இங்கும் தப்பவில்லை என்று அறிந்தபோது நமக்கு ஓர் இனம்புரியாத மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை.

ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. உருவந்தான் காரணம் என்பது மெய்யானால் வேறொரு புரதத்திலும் அதைச் செய்துகாட்ட முடிய வேண்டும் அல்லவா? பாக்டீரியாவில் மால்டோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு புரதம் உண்டு. தைராய்டுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. அதில் இரண்டு டைரோசின்களை அருகருகே, வெளிப்புறமாக, சற்று அசைந்துகொடுக்கக் கூடியவாறு பொருத்தினார்கள். அயோடினையும் நொதியையும் சேர்த்தபோது அதிலும் தைராக்சின் உருவாயிற்று. நெருக்கம், நெகிழ்வு, நொதிக்கு எட்டும் இடம் என்ற மூன்றும் அமைந்தால் போதும் என்பது அதனால் உறுதியானது.

உருவான தைராக்சின் உடனே இரத்தத்துக்குப் போவதில்லை. புரதத்தோடு ஒட்டியபடியே சுரப்பியின் நுண்ணறைகளில் பசைபோன்ற குழம்பாகச் சேமிக்கப்படுகிறது. வளர்ந்தவர் ஒருவரிடம் இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமான இருப்பு இருக்கும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் ஆணை மூளையடிச் சுரப்பியிலிருந்து வந்ததும், செல்கள் அக்குழம்பைச் சிறிது உள்ளிழுத்து, புரதத்தை நறுக்கி, தைராக்சினை விடுவிக்கின்றன. ஹார்மோன் ஆகாமல் அயோடின் ஏறியபடி நின்ற டைரோசின்களும் அப்போது வெளிவருகின்றன. அவற்றை வீணாக்குவதில்லை, அயோடினைக் கழற்றி மீண்டும் உற்பத்திக்கே அனுப்பும் நொதியும் உள்ளேயே இருக்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். எழுபது ஆண்டுகள் வாழ்பவர் உட்கொள்ள வேண்டிய மொத்த அயோடின் நான்கு கிராமுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய வருவாயில் குடும்பம் நடத்த இத்தகைய சிக்கனம் வேண்டாமா?

குறை எங்கே நேர்கிறது?

இப்போது அம்மையாரின் முதல் கேள்விக்கு வருவோம். ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். சரியாக மடிந்த புரதம் வேண்டும். இரண்டையும் சேர்க்கும் நொதியும் செல்களும் நலமாக இருக்க வேண்டும். காங்ராவில் குறைந்தது முதலாவது. உப்பு அதைச் சரிசெய்தது. அம்மையாருக்குக் குறைந்திருப்பது பெரும்பாலும் மூன்றாவது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தைராய்டு குறைவதற்குப் பெருங்காரணம் உடலின் காவல் அமைப்பே தன் சுரப்பியை அயலாகக் கருதித் தாக்குவது. தாக்கப்படுவன எவை தெரியுமா? நாம் மேலே கண்ட அதே தைரோகுளோபுலினும் அதே பெராக்சிடேஸ் நொதியுந்தான். இரத்தச் சோதனை அறிக்கையில் 'ஆன்டி டி.பி.ஓ.' என்று ஒரு வரி இருக்கும். அந்த நொதிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளின் அளவு அது. தொழிற்சாலையே சேதமுற்றபின் கச்சாப் பொருளைக் குவித்துப் பயனில்லை. அயோடின் மிகுதியும் இந்த நிலையில் நன்மை தராது.

மாத்திரையோ முடிந்த பொருள். தொழிற்கூடத்தில் வேதிமுறையில் செய்த தைராக்சின் அது. புரதமும் வேண்டாம், நொதியும் வேண்டாம், சுரப்பியும் வேண்டாம். வயிற்றில் கரைந்து இரத்தத்தில் சேர வேண்டும், அவ்வளவே. காப்பியும் உணவும் அந்தச் சேர்க்கையைத் தடுப்பதால்தான் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை உண்போர் நான்கு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. நம் வாடிக்கையாளர்களில் பலர் மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குவதை நாமே கண்டிருக்கிறோம்.

ஒருவரின் சுரப்பியைப் புற்றுநோய் காரணமாக முழுவதும் அகற்றியபின் அவர் இரத்தத்தில் தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று மருத்துவர்கள் அவ்வப்போது பார்ப்பதும் உண்டு. அந்தப் புரதத்தைச் செய்வது தைராய்டு செல் மட்டுமே என்பதால், அளவு ஏறினால் எங்கோ சில செல்கள் எஞ்சியிருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது கேள்வி குழந்தையைப் பற்றியது. அதுவே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. சில குழந்தைகளுக்குச் சுரப்பியே வளராமலோ, இடம் மாறியோ இருக்கும். வேறு சிலருக்குச் சுரப்பி இருக்கும், தாயின் உணவில் அயோடினும் இருந்திருக்கும், ஆனால் ஹார்மோன் உருவாகாது. இவர்களில் ஒரு பகுதியினருக்குத் தைரோகுளோபுலின் மரபணுவில் பிறழ்வு. அத்தகைய பிறழ்வுகள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றுவரை மனிதரிடம் கண்டறியப்பட்டுள்ளன. ஆய்வுக்கூடத்தில் கழலையுடன் பிறக்கும் ஒருவகை எலி இதற்குத் தெளிவான சான்று. அதன் தைரோகுளோபுலின் மாலையில் 2,263ஆம் இடத்தில் லூசின் என்னும் மணிக்குப் பதிலாகப் புரோலின் வந்துவிட்டது. மாற்றம் இவ்வளவே. ஏறத்தாழ 2,750 மணிகளில் ஒன்று. ஆனால் மாலை சரியாக மடிய மறுக்கிறது. சரியாக மடியாத புரதத்தை வெளியே அனுப்பாமல் தடுத்துவைக்கும் சோதனைச் சாவடி ஒவ்வொரு செல்லிலும் உண்டு. புரதம் அங்கேயே தேங்கிவிடுகிறது. அயோடின் வாசலில் வந்து காத்திருக்க, ஏற்றிக்கொள்ள வண்டி வருவதில்லை. டி.எஸ்.எச். மேலும் மேலும் ஆணை அனுப்ப, சுரப்பி வீங்குகிறது. காங்ராவின் கழலையும் இந்தக் கழலையும் பார்வைக்கு ஒன்றே. முன்னதை உப்பு தீர்க்கும். பின்னதை உப்பு தீர்க்காது.

குழந்தையின் மூளை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விரைந்து வளர்கிறது. அதற்குத் தைராக்சின் இன்றியமையாதது. கருவில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் ஓரளவு கைகொடுக்கும். பிறந்தபின் அந்த உதவி நின்றுவிடும். வளர்ந்தவருக்கு இருப்பதுபோல இரண்டு மூன்று மாதச் சேமிப்பும் பச்சிளங்குழந்தையிடம் இல்லை. கொடுமை என்னவென்றால், பிறந்தவுடன் குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்குகிறது, அழுகையே இல்லை, சமர்த்துக் குழந்தை என்று வீட்டார் மகிழ்வார்கள். மந்தம் வெளிப்படையாகத் தெரியும்போது மாதங்கள் கடந்திருக்கும்; இழந்ததை முழுமையாக மீட்க இயலாது. பிறந்து இரண்டு வாரங்களுக்குள் கண்டுபிடித்து மாத்திரையைத் தொடங்கிவிட்டாலோ பெரும்பாலான குழந்தைகள் ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்கிறார்கள். குறை உப்பில் இருந்தாலும், சுரப்பியில் இருந்தாலும், புரதத்தின் மடிப்பில் இருந்தாலும், அதே விலைகுறைந்த மாத்திரைதான் பொடித்துப் புகட்டப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, சென்னை உள்ளிட்ட ஐந்து பெருநகரங்களில் நடத்திய ஆய்வின்படி, நம் நாட்டில் பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைகள் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர். மேலை நாடுகள் பலவற்றில் முன்பு கணக்கிட்டதைவிட இது கூடுதல். குதிகாலில் ஊசியால் குத்தி வடிதாளில் எடுக்கும் சில துளி இரத்தத்தின் வேலை, அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது. இச்சோதனை நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் தானாகச் செய்யப்படுவதில்லை. எனவே மகளோ மருமகளோ பேறுக்குச் சேரும்போது, "குழந்தைக்கு டி.எஸ்.எச். பார்ப்பீர்களா?" என்று வீட்டார் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது தகும். முடிவுத்தாள் கைக்கு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்ததோடு மறந்துபோகும் குடும்பங்கள் குறைவல்ல.

உப்பைப் பற்றி இன்னும் இரண்டு சொற்கள். அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்பதற்கு இருந்த தடை 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்த வாதங்களில் சிறு உப்பளத்தாரின் கவலையும் நியாயமானதே. ஆயினும் கோண்டாவின் குழந்தைகளை நினைத்தால் அரசு இறுதியில் எடுத்த முடிவே சரி என்பது நம் கருத்து. சட்டப்படி, உப்பு கடைக்காரரிடமிருந்து உங்கள் கைக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடினாவது அதில் இருக்க வேண்டும். ஈரமும் அடுப்பின் வெப்பமும் அதைக் குறைக்கும். தூத்துக்குடியிலிருந்து உறவினர் கொண்டுவரும் கல்லுப்பானாலும், இப்போது பலர் விரும்பி வாங்கும் இந்துப்பானாலும், பொட்டலத்தில் அயோடின் சேர்க்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடிய சாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். உப்பைக் கூட்டி உண்ண வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

அம்மையார் ஜனவரியில் வைப்புநிதியைப் புதுப்பிக்க மீண்டும் வந்தார். இம்முறை மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்ததால் காப்பியை மறுக்கவில்லை. பேத்தியின் சோதனை முடிவைப் பற்றிக் கேட்டோம். தாள் வந்துவிட்டதாம், டி.எஸ்.எச். இயல்பாக இருக்கிறதாம். பேத்தி பெயரில் ஒரு செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.